முப்பத்தாறாவது படம்

போன கிழமை இரண்டு நாளாய் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில், வெளியே போகாமல் இருப்பதற்கு இன்னும் என்ன காரணம் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளாங்குளத்திலிருந்து தர்சினி கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தப் படத்தைக் கறையான் திண்டிட்டுது. சட்டத்தோட சேர்த்துத் திண்டிட்டுது. அம்மா விடியத் தொடக்கம் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. நெகற்றிவ் வைச்சிருக்கிறியளோ?"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்த படம் ஒன்றுதான். அதை எடுத்தவன் நான். எடுப்பதற்குச் சற்று முன் நான் மூன்று கோயில்களுக்கு நேர்த்தி வைத்திருந்தேன் என்பது படத்தில் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் ரின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது வறுத்த அரிசி வாசம். இத்தனை வருசத்துக்குப் பிறகும்! அதோடு கொஞ்சம் புளிப்பு, அது பழைய பிலிமின் வாசம்.

பிலிமுக்குள் அரிசி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மாரி காலத்தில் எங்கள் பக்கம் சப்பாத்து, செபப்புத்தகம், கலியாணக் கோட்டு எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும். பிலிம் மட்டும் தப்புமா? ஆகவே, அரிசியைச் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து பிலிமோடு ரின்னுக்குள் போட்டுவிடுவோம். ஈரத்தை அரிசி குடித்துவிடும். மாதம் ஒருக்கால் புதிதாய் வறுக்க வேண்டும். அம்மாவுக்கு இது பெரிய அவமானம். "அரிசி வறுக்கிற வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையள் பலகாரம் எண்டு வந்து நிக்குதுகள். உன்ர பிலிமையோ குடுக்கிறது?" என்பார்.

சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. எனக்கு முப்பது வயது. ஒரு நிவாரண அமைப்பின் கந்தோரில் வேலை. வேலை என்றால், மண்வெட்டியும் கூரைக்குத் தறப்பாளும் கொடுக்கப்படும் இடத்துக்குப் போய், வாங்குகிறவரைப் படம் எடுப்பது. கந்தோர் கொடுத்த கமரா டிஜிற்றல். அதற்கு விதிகள் இருந்தன. கொடுத்த பொருள் நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும். பொருளில் ஒட்டிய ஸ்ரிக்கர் தெரிய வேண்டும். முகத்தில் நன்றி தெரிய வேண்டும், ஆனால் பல் தெரியக்கூடாது. பல் தெரிந்தால் அந்த ஆளுக்கு உதவி தேவையில்லை என்று எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து காசு கொடுப்பவர்கள் முடிவுசெய்துவிடுவார்கள் என்று எங்கள் பொறுப்பாளர் பயந்தார். "இன்னும் கொஞ்சம் சோகமாய் நில்லுங்கோ ஐயா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஐயாவுக்கு அதற்கு என் உதவி தேவைப்படவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சொந்தக் கமரா வேறு. பட்டணத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர் டிஜிற்றலுக்கு மாறியபோது கழித்துவிட்ட பிலிம் கமரா. சனி ஞாயிறுகளில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பேன். நான் மன்னார்த் தீவில், மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று காட்டுவேன். ஆனால் நெல்லையும் புல்லையும் பக்கத்தில் வைத்தால் திருதிருவென்று முழிப்பேன். அதனால்தானோ என்னவோ, மாரியில் அந்தப் பெருநிலம் என்னைப் பிடித்துக்கொண்டது. கோடையில் காய்ந்த தோலைப்போலக் கிடக்கிற தரை, மார்கழியில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி. குளத்துக்குள் பனைகள் தலைகீழாய் நிற்கும். கூரையில்லாத வீடுகளின் குசினிக்குள் பாகற்கொடி ஏறிக் காய்த்திருக்கும். விடியப் பனிமூட்டத்துக்குள் வெண்கொக்குகள் நிற்பது, யாரோ தோய்த்துக் காயப்போட்டுவிட்டு மறந்துபோன உடுப்புப் போல இருக்கும். மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கரையில் ஆரம்பித்து மறிச்சுக்கட்டி வரை ஒரு மாரி முழுக்க நடந்தேன். அடுத்த மாரியில் வடக்கே வந்தேன்.

அந்த நெகற்றிவ்களை இப்போது யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. என் படங்களில் நடந்துபோகிற எல்லாருமே குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். விறகு சுமக்கிறவர், தண்ணீர் எடுக்கிறவர், பள்ளிக்கூடம் போகிறவர், ஒருவர் தவறாமல். அப்போது அது எனக்குத் தெரியவே இல்லை. நானும் நிலத்தைப் பார்த்துத்தானே நடந்தேன். மிதிவெடிகள் எடுத்து முடியாத காலம். தெருவோரம் எங்கும் சிவப்புப் பலகை, மண்டையோடு, "மிதிவெடி கவனம்."

பவளம் அக்காவுக்கு வெள்ளாங்குளத்தில் ஒரு துண்டு வயல். கணவர் இடம்பெயர்ந்த காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இருந்தது மகள் தர்சினி மட்டும். அவள் வவுனியாவில் மாமி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். முகாமிலிருந்து வெளியே வந்ததும் தாய் ஊருக்கு வந்தார், மகள் வர மறுத்துவிட்டாள். ஓடிவந்த ஊர்தானே அவளுக்கு நினைவில் இருந்தது. தாய் தனியாளாய்க் காலபோக நெல் விதைத்தார். தைமாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டால் இருவரும் அங்கே. வராவிட்டால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமி வீட்டு விறாந்தையில் தாய் ஒரு மூலை பிடிக்க வேண்டியதுதான்.

இதற்குள் நான் புகுந்து குழப்பினேன். கந்தோர்க் கமராவில், மண்வெட்டியோடு, பல் தெரியாமல், விதிப்படி நான் எடுத்த படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, ஆசையோடு மகளுக்கு அனுப்பியிருந்தார் பவளம் அக்கா. அடுத்த முறை போனபோது முற்றத்தில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன படம் எடுத்தனீங்கள்? பிள்ளை எழுதியிருக்கிறாள். அம்மா, நீங்கள் அழப்போற மாதிரி நிக்கிறியள், உடனே வெளிக்கிட்டு இஞ்ச வாங்கோ எண்டு."

"அது... கந்தோர்ப் படம் அக்கா. அப்பிடித்தான் வரும்."

"அப்ப கந்தோர் இல்லாத படம் ஒண்டு எடுங்கோ. வயல் பச்சையாய் நிக்கேக்க, நான் அதுக்குள்ள நிக்கிறமாதிரி. தைக்கு முன்னம் அவளின்ர கையில இருக்கவேணும். உங்களாலதான் கெட்டது, நீங்கள்தான் திருத்தவேணும்."

இதைவிட நியாயமான வழக்கை நான் கேட்டதில்லை.

மார்கழி முதல் சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கழுத்தில் பிலிம் கமரா, கையில் கந்தோர்க் கமரா. இரண்டிலும் எடுத்துவிட்டால் ஒன்றாவது சரிவரும் என்ற கெட்டித்தனம். பிலிமில் முப்பத்துநாலு படம் முடிந்திருந்தது. மிச்சம் இரண்டை அக்காவுக்கென்று வைத்திருந்தேன்.

அவரைத் தேடி வயல்வெளிக்குள் போனால், பனிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் தாராக்கள் சிறகடித்து எழும்பின. ஒன்றை மட்டும் அவற்றுக்குச் செலவழிப்போம் என்று கண்ணைக் கமராவில் ஒட்டிக்கொண்டேன். கூட்டம் முழுவதையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னால் போனேன். இன்னும் ஒரு அடி. இன்னும் ஒரு அடி. படம் எடுப்பவனுக்கு முதுகில் கண் கிடையாது. வரம்பிலிருந்து இறங்கி, சேற்றுக்குள் கால் புதைந்து, ஏதோ நாடா பிடரியில் உரசி, அதற்குக் கீழால் குனிந்து, சரியான இடத்துக்கு வந்து அமத்தினேன். அருமையான படம். கமராவைக் கண்ணிலிருந்து எடுத்தேன்.

சுற்றிவரச் சிவப்பு ரேப்; பிடரியில் உரசிய நாடா அதுதான். நாலு மூலையிலும் பலகை. காற்றுக்குத் திரும்பி உட்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பலகையிலிருந்து மண்டையோடு நேராய் என்னையே பார்த்துச் சிரித்தது.

இங்கே நான் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிதிவெடி விழிப்புணர்வு வகுப்பு எடுத்தவன் நானேதான். துணியில் வரைந்த படங்களைத் தூக்கிப் பிடித்து, "நில், அசையாதே, கூப்பிடு" என்று முந்நூறு பிள்ளைகளைக் கோரசாய்ச் சொல்லவைத்தவன். அந்த நிபுணன் அன்று முதலில் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையையும் தூக்கினான். யாரிடம் சரணடைய? வெடியிடமா? அந்தக் காலத்தில் எங்கள் கைகள் எங்களைக் கேட்காமலே தூக்கப் பழகியிருந்தன. தூக்கிய கையிலிருந்து கந்தோர்க் கமரா நழுவி, சேற்றுத் தண்ணிக்குள் 'புளக்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே நான் ஒரு தடவை செத்தேன்.

அதன் பிறகு அசையவில்லை. ஒரு கால் சேற்றில், மற்றது பாதி தூக்கியபடி. பக்கத்தில் ஒரு கொக்கும் ஒற்றைக்காலில் நின்றது. அதற்கு அனுபவம் இருந்தது, எனக்கு இல்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். கால் நடுங்கத் தொடங்கியதும் மடுமாதாவிடம் நடந்தே வருவதாய்ச் சொன்னேன். நடக்கக் கால் இருந்தால்தானே என்று யோசனை வந்து, அது பிள்ளையாரின் ஊர் என்பதால் அவருக்கும் இரண்டு தேங்காய் சொன்னேன்.

அப்போது எங்கிருந்தோ ஒரு நாம்பன் மாடு ரேப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. "போ! போ! வெடிக்கும்!" என்று அலறினேன். மாடு ஒரு வாய் நெல்லைக் கடித்து, என்னைப் பார்த்தபடி அரைத்தது. என் குரல் கேட்டுத் தடியோடு ஓடிவந்தார் பவளம் அக்கா. ரேப்பைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளுக்குள்.

"அக்கா, வராதேங்கோ! ஐயோ, வராதேங்கோ!"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாட்டை இரண்டு போட்டு வெளியே கலைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி திரும்பினார்.

"மாட்டை மறிக்காமல் இதுக்குள்ள கையைத் தூக்கிக்கொண்டு என்ன தம்பி செய்யிறியள்?"

"மிதிவெடி..." என்றேன். குரல் என்னுடையது மாதிரி இருக்கவில்லை.

அவர் பலகையைப் பார்த்தார், என் தூக்கிய காலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தடியை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நெல்லுக்குள் நின்றபடி, கண்ணால் தண்ணீர் ஓட ஓட.

"அது நான் கட்டினது தம்பி! இந்தக் காணியில ஒண்டும் இல்லையெண்டு மிதிவெடி எடுக்கிற ஆக்கள் போன மாசமே கடிதம் தந்திட்டினம். கழட்டி எறிஞ்சிட்டுப் போன ரேப்பையும் பலகையையும் நான் பொறுக்கி வைச்சனான்."

"ஏன் அக்கா?"

"பட்டிக்காரர் மாட்டை வயலுக்குள்ளால சாய்ச்சுக்கொண்டு போறாங்கள். தனிப் பொம்பிளை நான் கத்தினால் ஒருத்தனும் கேக்கான். மண்டையோடு சொன்னால் கேப்பான்."

"மாட்டுக்கு வாசிக்கத் தெரியாதே!"

"அதுதான் ஒண்டு ரெண்டு வருது. அதுக்குத் தடி இருக்கு. வாசிக்கத் தெரிஞ்ச மாடு இண்டைக்குத்தான் ஒண்டு வந்திருக்கு."

காலைக் கீழே வைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. உடனே எனக்குள் இருந்த நிபுணன் உயிர்த்தெழுந்து, பொய்ப் பலகை வைத்தால் நாளைக்கு மெய்ப் பலகையையும் சனம் நம்பாது என்று வகுப்பெடுக்கத் தொடங்கினான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், நெல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நெல் அரிவு வெட்டினவுடன கழட்டிப்போடுறன். இப்ப கழட்டினால் பிள்ளை வரேக்க காட்ட வயல் இராது."

சொல்லிவிட்டு என் சேற்றுக் காலைப் பார்த்தார். திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது. பிலிமில் மிச்சம் ஒன்று. முப்பத்தாறாவது. அவர் முகத்தை மட்டும் குறிவைத்து அமத்தினேன்.

கந்தோர்க் கமராவை வறுத்த அரிசிக்குள் மூன்று நாள் புதைத்துவைத்தேன். உயிர்க்கவில்லை. "களப்பணியின்போது ஈரலிப்பினால் பாதிக்கப்பட்டது" என்று விளக்கக் கடிதம் எழுதினேன். பொய் ஒரு சொல்லும் இல்லை.

பிலிம் கொழும்புக்குப் போய்த் திரும்ப மூன்று கிழமை எடுத்தது. ஸ்ரூடியோ வாசலில் நின்றே கடித உறையைப் பிரித்தேன். தாராக்கள் வெறும் புள்ளிகளாய் விழுந்திருந்தன. கடைசிப் படம் வந்தபோது நெஞ்சு நிறைந்தது. முழங்கால்வரை பச்சை, பின்னால் பனி, நடுவில் வாய் நிறையச் சிரிக்கிற ஒரு பெண். அவருடைய தோளோடு ஒட்டி, குடும்பப் படத்துக்கு வந்து நின்ற மைத்துனரைப்போல, உட்பக்கம் திரும்பிய அந்தப் பலகை. மண்டையோடும் பல்லைக் காட்டியது.

ஊருக்கு வரப் பயப்படுகிற பிள்ளைக்கு, பயப்படாதே என்று சொல்ல அனுப்ப வேண்டிய படம் இது! கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தேன். பலகையை வெட்டினால் அக்காவின் கை போய்விடும். கையில்லாத தாயின் படம் இன்னும் மோசமான செய்தி. வேறு பிலிமில் எடுத்துக் கழுவித் தை தொடங்கமுன் கொடுக்க வழியில்லை. அதைக் கொண்டுபோய்த் தலைகுனிந்து நீட்டினேன்.

பவளம் அக்கா கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினார். முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் இப்பிடியோ சிரிக்கிறனான்?" என்று கேட்டார்.

"பலகை அக்கா..."

"அதுவும் என்ர வயல்லதானே நிக்குது. நான் விபரமாய்க் கடிதம் எழுதித் தாறன். இரண்டையும் சேர்த்துப் போடுங்கோ."

இரண்டு பக்கம் எழுதினார். பட்டணத்துக்கு வந்து நான் மிகக் கவனமாய் உறையில் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி, தபாலில் போட்டேன். ஐந்து நாள் கழித்து, உடுப்புத் தோய்க்கப் போன அம்மா என் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து, "இது தேவையோ, எறியட்டோ?" என்று கேட்டார்.

"அன்புள்ள பிள்ளைக்கு, பலகையைப் பார்த்துப் பயப்படாதே" என்று தொடங்கியது அது.

அடுத்த நாள் விடிய, என் குற்றத்தைச் சொல்ல வெள்ளாங்குளத்துக்குப் புறப்பட்டேன். மன்னார் பஸ் நிலையத்தில், வெள்ளாங்குள பஸ்ஸுக்குப் பக்கத்தில், குடையும் பெரிய வெறும் பையுமாய் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கையில் என் படம்.

"தர்சினியோ? அந்தப் படம்... நான்தான் எடுத்தனான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மிதிவெடிக்குள்ள அம்மாவை நிப்பாட்டி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தது நீங்களோ? உங்களுக்கு விசரோ?"

கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள். நம்பவில்லை. "அம்மா எனக்காக எதையும் எழுதுவா. இண்டைக்கே அவவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். அவவின்ர சாமானுக்குத்தான் இந்தப் பை" என்றாள். வழி முழுக்க, மூன்று மணி நேரம், வேறு ஒரு சொல்லும் இல்லை. ஒரு மிதிவெடி பக்கத்துச் சீற்றில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன்.

பவளம் அக்கா வயலின் நடுவில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நெல் கதிர் தள்ளியிருந்தது. தர்சினி ரேப்புக்கு முன்னால் வந்து அப்படியே நின்றாள். குடை கையிலிருந்து விழுந்தது.

"அம்மா! அசையாதேங்கோ! அதிலயே நில்லுங்கோ!"

தாய் நிமிர்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு, மகள் சொன்னபடியே, அசையாமல் நின்றார்.

"நான் நிக்கிறன். நீ வா பிள்ளை" என்றார். "மெதுவாய் வா. நான் வாற வழிதான் அது, வரம்பில என்ர கால் அடையாளம் இருக்கு. அதைப் பார்த்து வா."

தர்சினி அழுதுகொண்டே செருப்பைக் கழற்றினாள். ரேப்பைத் தூக்கினாள். குனிந்து நிலத்தைப் பார்த்தபடி, தாயின் ஒவ்வொரு அடிக்குள்ளும் தன் அடியை வைத்துப் போனாள். புதுப் பிலிம் என் பைக்குள், சின்ன ரின் ஒன்றில் அரிசியோடு கிடந்தது. அதை எடுத்துக் கமராவில் மாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் எடுக்காத அந்தப் படந்தான் எனக்கு அச்சொட்டாய் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் அவள் வவுனியாவுக்குத் திரும்பிப் போனாள். அந்தப் பெரிய பையில் தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வர.

சொன்னபடியே அரிவு வெட்டியதும் பலகைகளைக் கழற்றிவிட்டார் பவளம் அக்கா. ரேப் மட்டும் பல வருசம் அந்த முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடியாய் இருந்து, வெயிலில் வெளுத்து, இழை இழையாய்ப் போனது. தெருவோரத்து மெய்ப் பலகைகளும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. ஸ்ரூடியோ இருந்த இடத்தில் கைபேசித் திரைக்குத் தாள் ஒட்டுகிறார்கள். அங்கே நெகற்றிவைக் கொண்டுபோய்க் கேட்டேன். கடையிலிருந்தவர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது என்ன அண்ணை, எக்ஸ்ரேயோ?" என்றார். அவரே பிறகு கைபேசியால் அதைப் படம்பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கித் தந்தார். தர்சினிக்கு அனுப்பினேன். உடனே குரலில் பதில் வந்தது: "அம்மா பார்த்திட்டா. சட்டம் போடேக்க பலகையை வெட்டிப்போடவேண்டாமாம்."

அதோடு அவள் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். அதே வயல், இந்த வருசத்து மாரி. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் வரம்பில் ஓடுகின்றன. மேலே போகிற கொக்குகளை அண்ணாந்து எண்ணிக்கொண்டே ஓடுகின்றன. ஒரு தடவைகூட நிலத்தைப் பார்க்கவில்லை. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அப்படி நடக்க எனக்கு இன்னும் வரவில்லை. மன்னார்ப் பட்டணத்துச் சீமெந்துத் தெருவிலும் குனிந்துதான் போகிறேன். போன மாதம் அப்படிப் போய், நடுத்தெருவில் நின்ற ஒரு கழுதையோடு மோதினேன். மோதியதும் என் இரண்டு கைகளும் மேலே போயின. கழுதை என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, வழி விட்டது.